காலப் பிரயாணமும் கணக்குப் புத்தகமும்

இரண்டு தமிழர் கூடி நின்று சினிமாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அப்பேச்சு நடிகரின் சம்பளத்திலோ நடிகையின் கலியாணத்திலோ போய் முடிவதே நம்மவரிடையே நெடுநாளைய வழக்கமாய் இருந்து வருகின்றது. இவ்வழக்கத்தைச் சிறிது காலமேனும் மாற்றிய பெருமை, 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ என்னும் அமெரிக்கப் படத்தைச் சாரும். கேமரன் மலையிலிருந்து ஈப்போவுக்கு இறங்கிச் சென்று கொட்டகையில் அதைப் பார்த்தவர் சிலர். பின்னர்க் கைப்பேசியின் சிறு திரையிலே பார்த்தவர் பலர். எங்ஙனம் பார்த்தவராயினும், தேயிலைத் தொழிற்சாலையின் வாசலிலும், தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் கடைத்தெருக்களிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனர். கேப்டன் அமெரிக்கா எந்தக் காலத்திற்குப் போய் வாழ்ந்தான்? அங்கிருந்து எந்த வழியாய்த் திரும்பி வந்தான்? ஆண்டுகள் பல சென்ற பின்னும் இக்கேள்வி ஓய்ந்தபாடில்லை.

இதைக் கேட்டுப் பெரியவர்கள் சிலர் நகைக்கின்றனர். “பறக்கும் மனிதனும் பச்சை ராட்சதனும் வருகின்ற கதையில் நியாயம் பார்ப்பார் உண்டோ?” என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் மேலுக்கு அழகாய்த் தோன்றினும் உள்ளே ஓட்டையுடையது. பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து காய் ஏன் என்று எவரும் கேட்பதில்லை. அது ஆட்டத்தின் விதி, அவ்வளவே. ஆனால் ஆட்டம் நடுவில் வந்தபின் ஒருத்தி ஒரு காயை மடியில் மறைத்தாளாயின், அருகிருந்து பார்க்கும் குழந்தையும் “அழுகுணி ஆட்டம்” என்று கூவிவிடும். கற்பனைக் கதையும் அத்தகையதே. எந்த விதியை வேண்டுமாயினும் கதாசிரியன் வைத்துக்கொள்ளட்டும்; வைத்த விதியைத் தானே மீறலாகாது. ஆகவே நமது இளைஞர்கள் கேட்பது வீண் கேள்வியன்று. அன்றியும், இக்கேள்வியின் அடியில் தர்க்கத்தைக் காட்டிலும் பெரியதொரு விஷயம் கிடக்கின்றது என்பது நமது அபிப்பிராயம். அதைப் பின்னர்க் கூறுவோம்.

படம் பாராத வாசகருக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லுதல் அவசியமாகின்றது. தானோஸ் என்னும் கொடியோன் ஆறு மணிக்கற்களைக் கைப்பற்றி, ஒரு விரற் சொடுக்கில் அகிலத்து உயிர்களிற் பாதியைத் தூசியாக்கிவிடுகின்றான். இது 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தின் முடிவு. ஐந்து ஆண்டுகள் அழுது தீர்ந்தபின், எஞ்சிய வீரர்கள் கடந்த காலத்திற்குப் போய் அக்கற்களைக் கடனாக வாங்கிவந்து, மாண்டவரை மீட்பதென்று தீர்மானிக்கின்றனர். 2012ஆம் ஆண்டின் நியூயார்க்குக்கும், 2013, 2014ஆம் ஆண்டுகளின் வேற்றுலகங்களுக்கும், 1970ஆம் ஆண்டின் நியூஜெர்சி இராணுவ முகாமுக்கும் பிரிந்து செல்கின்றனர். காரியம் கைகூடுகின்றது. நடாஷா என்னும் வீராங்கனையும் டோனி ஸ்டார்க்கும் அதற்கு விலையாக உயிரைக் கொடுக்கின்றனர். கடைசியில், கடன் வாங்கிய கற்களைத் திருப்பி வைத்துவரும் பொறுப்பை ஏற்று, ஸ்டீவ் ராஜர்ஸ் எனும் கேப்டன் அமெரிக்கா மீண்டும் கடந்த காலத்திற்குப் போகின்றான். போனவன் குறித்த கணத்தில் யந்திர மேடையில் வந்திறங்கவில்லை. சற்றுத் தொலைவில், ஏரிக்கரைப் பலகையில், தொண்டு கிழவனாய் அமர்ந்திருக்கின்றான். விரலில் கலியாண மோதிரம். தன் கேடயத்தைச் சாம் வில்சன் என்னும் தோழனிடம் ஒப்புவிக்கின்றான். மனைவியைப் பற்றிக் கேட்டதற்கு விடை கூற மறுக்கின்றான். பின்பு, போருக்குப் பிந்திய பழைய நாளில், பெக்கி கார்ட்டர் என்னும் தன் காதலியோடு அவன் நடனமாடுவதைக் காட்டிப் படத்தை முடித்துவிடுகின்றனர்.

இனி, படம் தனக்கு வைத்துக்கொண்ட விதி யாது? புரூஸ் பானர் என்னும் விஞ்ஞானி அதை நடுவிலேயே விளக்குகின்றார். கடந்த காலத்திற்குப் போய் எதை மாற்றினாலும், நீ புறப்பட்டு வந்த நிகழ்காலம் மாறாது என்பதே அவ்விதியின் சாரம். பழைய காலப் பிரயாணப் படங்களை நம்பி “குழந்தைத் தானோஸைக் கொன்றுவிடலாமே” என்று யோசனை கூறியவரை அவர் இதனைக் கொண்டே மறுக்கின்றார்.

இவ்விதியை எம்மைப் போன்ற கிராணிமார் எளிதில் அறிந்துகொள்வர். தோட்டத்துச் செக்ரோலில் நேற்றுப் பதிந்த பேரை இன்று சுரண்டி அழிக்க எவருக்கும் அதிகாரமில்லை. கொழுந்து நிறுத்ததில் பிழை நேர்ந்திருந்தால், இன்றைய தேதியிட்டு இன்னொரு வரி எழுதி அப்பிழையை நேர்செய்ய வேண்டும். நேற்றைய வரி நேற்றைய வரியாகவே நிற்கும். கணக்குப் பார்க்க வருபவர் இரண்டையும் காண்பார். பானர் கூறுவதும் இதுவே. மாண்டவர் மாண்ட வரி அழியாது. ஐந்தாண்டு கழித்து, புதிய தேதியில், அவர்கள் மீண்டு வந்த வரி எழுதப்படுகின்றது.

பழைய புத்தகத்தைத் தொட்டே தீருவேன் என்று ஒருவன் பிடிவாதம் செய்தால் என்ன ஆகும்? அதற்கும் படம் விடை கூறுகின்றது. 2012ஆம் ஆண்டின் ‘ஏன்ஷன்ட் ஒன்’ என்னும் மந்திரக்காரி, ஒரு கல்லை எடுத்தால் அந்த இடத்திலிருந்து காலம் கிளைத்து வேறு உலகமாய் ஓடும் என்று காட்டுகின்றாள்; எடுத்த கணத்திலேயே திருப்பி வைத்தால் அந்தத் துன்பக் கிளை தோன்றாதென்று பானர் அவளுக்கு விடை கூறுகின்றார். அதாவது புதிய புத்தகம் ஒன்று தொடங்கப்படும். பழையது அப்படியே இருக்கும். படம் இவ்விதியை ஓரளவு நேர்மையுடனேயே கடைப்பிடிக்கின்றது. 2014ஆம் ஆண்டிலிருந்து வந்த நெபுலாவை 2023ஆம் ஆண்டின் நெபுலா சுட்டுக் கொல்கின்றாள், கொன்றவள் மறையவில்லை. தன் பழைய உருவைத் தானே கொன்றவள் எப்படி உயிரோடிருக்கலாம் என்று கேட்பவர் பழைய படங்களின் விதியை இங்கே கொண்டுவந்து குழம்புகின்றனர். 2012இல் லோகி ஒரு கல்லோடு தப்பியோடியது மாத்திரம் அடைபடாத கிளை. அதைக் கொண்டு 2021ஆம் ஆண்டில் ஒரு தனித்தொடரே எடுத்துவிட்டார்கள். அமெரிக்கர் வியாபாரத்தில் கெட்டிக்காரர்!

நிற்க. காலப் பிரயாணம் என்றவுடன், “இதெல்லாம் நமது புராணங்களில் அன்றே சொல்லியாயிற்று” என்று எழுந்து நிற்பவர் எங்கும் உளர். ககுத்மி என்னும் அரசன், தன் மகள் ரேவதிக்கு வரன் கேட்கப் பிரமலோகம் சென்றான். அங்கே ஒரு பாட்டுக் கச்சேரி முடியுமட்டும் காத்திருந்து திரும்புவதற்குள் பூமியில் பல யுகங்கள் கழிந்துவிட்டன என்ற கதை பாகவதத்தில் இருப்பது மெய்யே. கதை வெகு நேர்த்தி. ஆனால் கதை சொல்வது ஒன்று. கணக்குப் போட்டு நிரூபிப்பது மற்றொன்று. ஐன்ஸ்டீன் 1905லும் 1915லும் வெளியிட்ட கொள்கைகள், வேகத்திற்கும் ஈர்ப்புக்கும் ஏற்பக் கடிகாரங்கள் வேறுபட்டு ஓடும் என்று இவ்வளவுக்கு இவ்வளவு எனக் கணித்துக் கூறின. 1971இல் ஹாஃபெல், கீட்டிங் என்னும் இருவர் அணுக்கடிகாரங்களைச் சாதாரண விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றிவந்து, வேற்றுமை ஒரு விநாடியில் நூறு கோடியில் சில பத்து முதல் சில நூறு பாகங்களே எனினும் கணக்குப்படியே இருக்கின்றதென்று காட்டினர். இது முன்னோக்கிய பிரயாணம். பின்னோக்கிப் போவதோ வேறு விஷயம். 1949இல் கர்ட் கோடல் ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளுக்கே ஒரு விசித்திரமான விடை கண்டு, சுழலும் அகிலமொன்றில் ஒருவன் தன் கடந்த காலத்தை எய்துதல் கணித அளவில் கூடுமென்று காட்டினார். நமது அகிலம் அப்படிச் சுழல்வதாகக் காணப்படவில்லை. ஸ்டீபன் ஹாக்கிங் 1992இல், இயற்கையே அவ்வழியை அடைத்துவிடும் என்று ஊகித்தார். டேவிட் டாய்ட்ச் 1991இல், பல உலகங்கள் உண்டென்று கொண்டால் பாட்டனைக் கொன்ற பேரன் என்னும் முரண்பாடு தீர்ந்துவிடும் என்று எழுதினார். கொல்லப்பட்டவன் வேறோர் உலகத்துப் பாட்டன். பேரன் பிறந்தது இவ்வுலகில். ‘எண்ட்கேம்’ படத்தில் டோனி ஸ்டார்க் தன் கணக்கைப் போடும்போது இந்த டாய்ட்சின் பெயரைத்தான் உச்சரிக்கின்றான். ஆகவே கிளை உலக விதி எடுத்தவர்களின் சோம்பலால் வந்ததன்று; தெரிந்தே தெரிந்தெடுத்தது.

ஏனைய படங்கள் இவ்வளவு தூரம் போகவில்லை. 1978ஆம் ஆண்டின் ‘சூப்பர்மேன்’ படத்தில், காதலி இறந்தாள் என்ற ஆத்திரத்தில் வீரன் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறக்க, பூமி எதிர்த்திசையிற் சுழன்று காலமும் பின்வாங்கிவிடுகின்றது. கடிகார முள்ளைப் பின்னுக்குத் தள்ளினால் நேற்று வந்துவிடும் என்று எண்ணும் பிள்ளைப் புத்தி இது. நமது தமிழ்ப் படங்களில், 2016இல் வெளிவந்த விக்ரம் குமாரின் ‘24’ ஒரு கைக்கடிகாரத்தைக் கொண்டு இதே காரியத்தைச் செய்கின்றது. 2021இல் வந்த வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ ஒரே நாளைத் திரும்பத் திரும்ப நடத்துகின்றது. கலவரத்தைத் தடுப்பதே அதன் நோக்கமாகையால் அப்படத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால் காரணம் கேட்டால், கதாநாயகன் உஜ்ஜயினிக் காலபைரவர் கோயிலில் பிறந்ததைக் காட்டுகின்றது! அதனினும் 2015இல் ஆர். ரவிக்குமார் எடுத்த ‘இன்று நேற்று நாளை’ யோக்கியமானது என்போம். 2065ஆம் ஆண்டிலிருந்து வந்துசேர்ந்த யந்திரம் இரண்டு வேலையற்ற தோழர்கள் கையில் அகப்படுகின்றது. அவர்கள் அதைக் கொண்டு என்ன செய்தார்கள்? காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் சோதிடத் தொழில் நடத்தினார்கள். சோதிடன் ஒருவன் மெய் சொல்ல வேண்டுமாயின் அவனுக்குக் கால யந்திரம் வேண்டும் என்று இதைவிடச் சுருக்கமாய் நையாண்டி செய்தவர் நமக்குத் தெரிந்து எவருமிலர். பின்பு அவர்கள் கை தவறியதால், செத்த ரவுடி உயிரோடு திரிகின்றான். அதைச் சரிக்கட்டவே மீதிப்படம். இங்கே உலகம் ஒன்றே, புத்தகமும் ஒன்றே, சுரண்டி எழுதுவதே வழி. படம் தன் விதியை முடிந்த மட்டும் காத்துக்கொள்கின்றது.

இப்படங்களுக்கும் ‘எண்ட்கேம்’ படத்திற்கும் உள்ள பெரும் வேற்றுமை யாதெனில், அவை துக்கத்தை நடவாததாக்கி ஆறுதல் தருகின்றன. ‘எண்ட்கேம்’ அவ்வாறு செய்ய மறுக்கின்றது. அம்மறுப்பின் காரணம் விஞ்ஞானமன்று; ஒரு சிறு பெண் குழந்தை. பாழான அந்த ஐந்தாண்டில் டோனி ஸ்டார்க்குக்கு ஒரு மகள் பிறந்திருக்கின்றாள். இழந்ததை மீட்கலாம், ஆனால் ஐந்தாண்டில் தான் பெற்றதை இழக்கச் சம்மதியேன் என்பது அவன் போட்ட நிபந்தனை. காலத்தைச் சுரண்டி அழித்தால் அக்குழந்தையும் அழிந்துபோகும். ஆகவே மாண்டவரை இன்றைய தேதிக்கு அழைத்துவருவதன்றி, நேற்றை மாற்றுவதில்லை என்று தீர்மானமாகின்றது. ஒரு தகப்பன் தன் மகளுக்காகக் கேட்ட வரமே படத்தின் விதியாயிற்று என்பதைக் காணும்போது, இத்தனை கோடி செலவிட்ட ஆரவாரத்தின் நடுவில் மனிதருடைய மூளையொன்று வேலை செய்திருக்கின்றது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

இன்னொன்றை இங்கே சொல்லிவிட்டு மேலே செல்வோம். ஐந்தாண்டுக்குப் பின் பாதி உலகம் திடீரென்று மீண்டுவந்தால் அவர்கள் எங்கே குடியிருப்பார்கள்? வேலை போனால் லயத்து வீடும் போகும் என்பதைக் கண்டறிந்த தோட்டத்து மக்கள் கேட்கும் முதற் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ஆள் இல்லையென்றால் அந்த வீட்டில் வேறொருவர் அடுப்பு மூட்டியிருப்பார். படம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. 2021இல் வந்த ‘ஃபால்கன் அண்டு தி விண்டர் சோல்ஜர்’ தொடர்தான், இடம்பெயர்க்கப்பட்டோர் கூட்டத்தைக் காட்டி அதைத் தொட்டது. தொட்டுவிட்டு, அக்கூட்டத்தை வெடிகுண்டுக்காரராக்கிக் கைகழுவியது.

இனி முடிவுக்கு வருவோம். கேப்டன் போய் வாழ்ந்த இடம் பற்றிப் படத்தை எழுதியவர்களும் இயக்கியவர்களுமே இரு கட்சியாகப் பிரிந்து நிற்பது வேடிக்கையினும் வேடிக்கை. கிறிஸ்டோபர் மார்க்கஸ், ஸ்டீபன் மெக்ஃபீலி என்னும் கதாசிரியர் இருவரும், ஸ்டீவ் நமது உலகத்துக் கடந்த காலத்திலேயே வாழ்ந்தான், பெக்கியின் பெயர் சொல்லப்படாத கணவன் ஆதிமுதல் அவனேதான் என்கின்றனர். அந்தோணி, ஜோ ரூசோ என்னும் இயக்குநர் சகோதரர்களோ, அவன் கிளை உலகமொன்றில் வாழ்ந்து முதுமையடைந்து, பின்பு கேடயத்தை ஒப்புவிக்கவே இவ்வுலகிற்குத் திரும்பினான் என்கின்றனர். பெற்றோர் இருவரும் பிள்ளைக்கு இரண்டு பெயர் வைத்து அழைத்தால் ஊரார் என்ன செய்வர்? ஊராரும் இரண்டாகப் பிரிந்தனர்.

கதாசிரியர் கட்சிக்குச் சாட்சிகள் இல்லாமலில்லை. ஏரிக்கரைக் கிழவன் யந்திர மேடையில் வந்து இறங்கவில்லை. வாழ்ந்து வாழ்ந்தே அந்நாளை எய்தினவன் போலப் பலகையில் காத்திருக்கின்றான். 2014ஆம் ஆண்டின் ‘விண்டர் சோல்ஜர்’ படத்தில், பெக்கியின் பழைய பேட்டியொன்றில் அவள் கணவன் குறிப்பிடப்படுகின்றான், முகம் காட்டப்படவில்லை. முகம் காட்டாத இடத்தில் எவர் முகத்தையும் ஒட்டலாம் அன்றோ? ஆனால் அவளோ, போரில் ஸ்டீவ் காப்பாற்றிய வீரருள் ஒருவன் பின்னர்த் தன் கணவனானான் என்று சொல்கின்றாள். காப்பாற்றினவனும் காப்பாற்றப்பட்டவனும் ஒருவனே என்று பொருள் கொள்ள வேண்டுமாயின் இலக்கணமும் சற்றுத் துன்பப்பட வேண்டியதுதான்.

இயக்குநர் கட்சிக்கு உள்ள சாட்சி ஒரு பொருள், ஆதலால் வலியது. அதுதான் கேடயம். தானோஸுடன் நடந்த இறுதிப் போரில் ஸ்டீவின் கேடயம் பாதியாய் உடைந்துபோனதை எல்லோரும் கண்டோம். கிழவன் சாமிடம் கொடுப்பது முழுக் கேடயம். இவ்வுலகத்துக் கேடயமோ, ஸ்டீவோடு பனிக்கட்டியில் கிடந்து, பின்பு அவனோடு எடுக்கப்பட்டு, அப்போரில் உடைந்தது. அவ்வுலோகம் கையிருப்பில் அவ்வளவுதான் இருந்ததென்று முதற்படமே சொல்லியிருக்கின்றது. ஆகவே முழுக் கேடயம் வேறோர் உலகிலிருந்து வந்திருத்தல் வேண்டும். அன்றியும், வைத்த விதிப்படி, பழைய காலத்தில் போய்க் குடியேறி ஒருத்தியின் வாழ்வையே மாற்றியவன் கிளையொன்றைத் தோற்றுவிக்காமல் இருக்க வழியில்லை. தர்க்கத்தின் தராசில் இயக்குநர் கட்சியே கனக்கின்றது என்பது நமது தீர்ப்பு.

மற்றொரு சங்கடத்தையும் கூறுவோம். 2016ஆம் ஆண்டின் ‘சிவில் வார்’ படத்தில், பெக்கியின் சவப்பெட்டியைச் சுமந்த கொஞ்ச நாளில் ஸ்டீவ் அவளுடைய உறவுப் பெண்ணாகிய ஷாரனை முத்தமிடுகின்றான். கதாசிரியர் கட்சிப்படி அவள் அவனுக்கு மனைவி வழியில் மகள் முறையோ பேத்தி முறையோ ஆகவேண்டும். முறை பார்த்துப் பெண் கொடுக்கும் நம்மவர் இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வர்!

இயக்குநர் கட்சியும் குற்றமற்றதன்று. கிளை உலகத்திலும் ஒரு ஸ்டீவ் உண்டு. அவன் பனியில் உறங்கிக்கொண்டிருக்கின்றான். மேலே இருக்கும் ஸ்டீவுக்கு அந்த இடம் தெரியும். தோண்டி எடுத்தானா? எடுத்தால் பெக்கி எவனுக்கு? எடாமல் விட்டால், தன்னையே பனியில் புதைத்து வைத்துத் தன் காதலியைத் தானே கவர்ந்த பாவம் அவனைச் சேராதா? படம் வாய் திறக்கவில்லை.

ஆயினும் இவையெல்லாம் சில்லறைச் சங்கடங்கள். கதாசிரியர் கட்சியை நாம் ஏற்க மறுப்பதன் முதற்காரணம் கேடயமன்று, பக்கி பார்ன்ஸ். ஸ்டீவின் பால்ய நண்பனாகிய அவன், மலையிடுக்கில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து இறந்ததாகக் கருதப்பட்டவன். உண்மையில் ஹைட்ரா என்னும் பகைக் கூட்டத்தின் கையில் அகப்பட்டு, மூளை கலைக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் கொலைக் கருவியாய் நடத்தப்பட்டவன். 1991ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், டோனியின் தாய் தந்தையரை அவன் கையாலேயே கொல்வித்தனர். பெக்கி தானே முன்னின்று அமைத்த ஷீல்டு என்னும் ஸ்தாபனத்திற்குள் ஹைட்ரா கரையான் போல் புகுந்திருந்தது. இவையனைத்தும் 2023இலிருந்து போன ஸ்டீவுக்கு நன்றாய்த் தெரியும். கதாசிரியர் கூறுவதுபோல் அவன் இவ்வுலகத்திலேயே வாழ்ந்தானாயின், நண்பன் சித்திரவதைப்படும் செய்தியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மனைவி நாள்தோறும் பகைவர் நடுவே வேலைக்குப் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு, 1991 டிசம்பரில் நாட்காட்டித் தாளைக் கிழித்துக்கொண்டு, வாய் மூடி உட்கார்ந்திருந்தான் என்றாகின்றது. முதற்படம் முதல், அநீதியைக் கண்டு ஒதுங்கி நிற்கத் தெரியாதவன் என்பதற்காகவே நாம் நேசித்த மனிதன் இவன்!

“நடந்தது நடந்தாகவேண்டும், அவன் என் செய்வான்?” என்று கதாசிரியர் பக்கத்து அன்பர்கள் விடையிறுக்கின்றனர். இந்த விடைதான் எம்மைத் திடுக்கிடச் செய்கின்றது. இதே விடையைத் தமிழர் இதற்கு முன் எத்தனை முறை கேட்டிருக்கின்றனர்! அதற்கு நாம் வைத்த பழைய பெயர் தலையெழுத்து. 1942இலும் 1943இலும் இந்நாட்டுத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஜப்பானியரால் கொண்டுபோகப்பட்டனர். 415 கிலோமீட்டர் பாதை. காடு, மழை, காலரா, பட்டினி. திரும்பாதோர் கணக்கும் பல்லாயிரமே. அவர்களிற் பலர், நல்ல சம்பளமும் சாப்பாடும் கிடைக்கும் என்ற வாக்கை நம்பி ஏறினவர். அந்நாளில் பெரட்டுக்களத்தில் நின்ற ஒருவனுக்கு அவ்வண்டி எங்கே போகின்றது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். தெரிந்தும், “நடந்தது நடந்தாகவேண்டும்” என்று எண்ணி, அவன் பேர் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றான் என்றும் வைத்துக்கொள்வோம். அவன் தன் மனைவியோடு எவ்வளவு அழகாய் நடனமாடினால்தான் என்ன? அப்பாதையில் பாட்டனைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்றும் நம் நடுவே இருக்கின்றன. அவர்களிடம் போய்க் கதாசிரியர் கட்சியின் முடிவை இனியதென்று சொல்லிப் பாருங்கள்.

கேப்டனுக்கு ஓய்வு கூடாதென்று நாம் சொல்லவில்லை. எழுபது வருஷம் பனியில் கிடந்தவன், விழித்தது முதல் போரன்றி வேறறியாதவன். அவனுக்கு ஒரு வீடும் ஒரு மாலைப்பொழுதும் கிடைப்பதில் எமக்கு மகிழ்ச்சியே. இயக்குநர் கூறும் கிளை உலகில் இரண்டும் கூடும். அங்கே அவன் முதல் வேலையாகப் பக்கியை மீட்டிருக்கலாம். ஹைட்ராவைக் கரையான் புற்றோடு கிளறியிருக்கலாம். டோனியின் தாய் தந்தையர் முதுமை காண வழி செய்திருக்கலாம். பழைய புத்தகத்தில் வரிகள் அப்படியே இருக்கும். இவ்வுலகத்துப் பக்கி பட்டது பட்டதுதான். புதிய புத்தகத்தின் முதற்பக்கமாவது யோக்கியமாய் எழுதப்பட்டிருக்கும். ஆனால் இதில் ஒன்றையேனும் படம் காட்டியதா? ஒரு காட்சி, ஒரு வாக்கியம், அல்லது கிழவனின் பக்கத்தில் ஒரு புகைப்படம் போதுமே! காட்டவில்லை. ஏனெனில், காட்டினால் முடிவு சிக்கலாகும். நடனத்தின் இனிமை குறையும். எடுத்தவர்களுக்குக் கிளை உலகத்தின் சுத்தமும் வேண்டியிருந்தது. ஒரே வாழ்வு வாழ்ந்த கிழவனின் கனிவும் வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே பலகையில் உட்கார வைத்துவிட்டனர். மூன்று மணி நேரம் விதியைக் காத்த படம் கடைசி ஐந்து நிமிஷத்தில் காயை மடியில் மறைக்கின்றது என்று நாம் சொல்வது இதனால்தான்.

தமிழ்நாட்டில் இப்படத்திற்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார். டோனி ஸ்டார்க்குக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். அங்கு அப்போது எழுந்த கூச்சல் பெரும்பாலும் அந்தக் குரல் பொருந்திற்றா இல்லையா என்பதைப் பற்றியதே. நமது மலையில் ஆங்கில வசனத்தைக் காதால் கேட்டும், திரையடியில் ஓடும் மலாய் எழுத்தைக் கண்ணால் படித்தும் கதையைத் தொடர்ந்த பிள்ளைகள், கேடயம் எப்படி முழுதாயிற்று என்று கேட்டனர். பள்ளியில் இவர்களுக்குத் தர்க்கம் என்று ஒரு பாடம் வைத்து நடத்தியவர் இல்லை. நல்ல கேள்வி கேட்பதற்குக் கொட்டகையும் ஒரு பள்ளிக்கூடமாகலாம் போலும்.

அப்பிள்ளைகள் கேளாத கேள்வி ஒன்றே ஒன்று உண்டு. ஏரிக்கரைக் காட்சியில் சாம் வில்சன்தான் கிழவனிடம் போய்ப் பேசுகின்றான். மோதிரத்தைப் பற்றிக் கேட்கின்றான். பக்கி சற்றுத் தள்ளி, மரங்களருகே நிற்கின்றான். நண்பன் திரும்ப மாட்டான் என்பது அவனுக்கு முன்னமே தெரிந்திருந்தது. விடைபெற்ற போதே அவன் முகம் அதைக் காட்டிற்று. சாமைப் போகச் சொல்லித் தலையசைத்துவிட்டுத் தான் அங்கேயே நின்றுகொள்கின்றான். அத்தனை ஆண்டுகள் நீ எங்கிருந்தாய் என்று கேட்கும் உரிமை அங்கிருந்தவர்களுள் அவன் ஒருவனுக்கே உண்டு. அவனை மாத்திரம் எடுத்தவர்கள் கிழவனருகே போகவிடவில்லை.